அவங்களுக்காக "நான்"னு சொல்ற வேலை

எட்டு வருஷமா இன்டர்பிரட்டரா இருக்கேன். புதுசா ஒரு நாட்டுக்கு வந்து சேர்ந்தவங்களுக்கும் அங்க இருக்குற ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்கூலுக்கும் நடுவுல உக்காந்து, ரெண்டு பக்கம் பேசுறதையும் அந்தந்த பாஷையில மாத்தி சொல்றதுதான் வேலை. ட்ரெயினிங்ல முதல் நாளே ஒரு விதி சொல்லிக்கொடுத்துடுவாங்க, "அவர் என்ன சொல்றாருன்னா"ன்னு ஆரம்பிக்கவே கூடாது, அவர் "எனக்கு வலிக்குது"ன்னா நாமளும் "எனக்கு வலிக்குது"ன்னுதான் சொல்லணும். கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும்.

வேலைக்கு வந்த புதுசுல ஒரு அம்மா, வர்ற வழியில தன் பையன் தவறிட்டதை ஒரு அதிகாரிகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க. அவங்க குரல் நடுங்கவே இல்லை, அதை நூறு தடவை சொல்லிச் சொல்லி மரத்துப் போயிருந்துச்சு. ஆனா "என் பையன்"னு என் வாயில வந்ததும் எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு, அந்த அதிகாரி அவங்களை விட்டுட்டு என்னைப் பாத்து தண்ணி வேணுமான்னு கேட்டாரு. அது இன்னைக்கும் உறுத்துது. துக்கம் அவங்களோடது, ஆறுதல் எனக்கு வந்துச்சு. அப்புறம் மேஜையோட ஓரத்தையே பாத்துப் பேசப் பழகிக்கிட்டேன்.

அகதி அந்தஸ்து இன்டர்வியூ ரொம்ப கஷ்டமானது. 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்ற அஞ்சு காரணம் இருக்கு, இனம், மதம், நாட்டுரிமை, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவுல இருக்குறது, அரசியல் கருத்து, இதுல ஏதோ ஒண்ணுனால ஆபத்து வரும்னு நியாயமான பயம் இருக்கணும். அந்தப் பயத்தை அவங்க நம்ப வைக்கணும், அதுக்குத்தான் தேதி தேதியா கேப்பாங்க, முதல் தடவை சொன்னதும் ரெண்டாவது தடவை சொன்னதும் ஒத்துப் போகலைன்னா சந்தேகம். 2002ல கொசோவோ, போஸ்னியா அகதிகள்கிட்ட திரும்பத் திரும்ப பேட்டி எடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க, பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவங்களே ரெண்டாவது தடவை சில விவரங்களை மாத்தி சொன்னாங்க. பட்ட அடி அப்படி, ஞாபகம் வரிசையா வர்றதில்லை. இதுல பொறந்த தேதியே பதிவாகாத ஊர்ல இருந்து வர்றவங்க வேற நிறைய பேர், தேதி தெரியலைன்னா ஜனவரி 1ன்னு எழுதிடுவாங்க, ஃபைலைத் திறந்தா புருஷன் ஜனவரி 1, பொண்டாட்டி ஜனவரி 1, மூத்த பொண்ணும் ஜனவரி 1.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். இன்டர்பிரட்டர் கிடைக்கலைன்னு பிள்ளைங்களை வச்சுப் பேச வைக்கிறாங்களே, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஒரு தடவை வேற ஒருத்தருக்காக ஆஸ்பத்திரி போனப்போ பக்கத்து படுக்கையில பத்து பதினோரு வயசுப் பையன் அவன் அம்மாவுக்காகப் பேசிட்டு இருந்தான். டாக்டர் கட்டி பெருசாகிட்டு வருதுன்னாரு. பையன் கொஞ்ச நேரம் படுக்கை விரிப்போட நூலை இழுத்துட்டே இருந்தான், அப்புறம் "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடச் சொல்றாரும்மா"ன்னான். நான் வெளிய போய் நர்ஸ்கிட்ட சொல்லி வேற ஏற்பாடு பண்ணச் சொன்னேன், ஆனா அந்தப் பையன் கேட்டது கேட்டதுதானே.

ஐநா கணக்குப்படி 2024ல உலகத்துல 30 கோடி பேருக்கு மேல பொறந்த நாட்டை விட்டு வேற நாட்டுல இருக்காங்க. எங்க பாத்தாலும் ஒரே பேச்சு, இவங்க "கலந்து" வாழணும். ஜான் பெர்ரின்னு ஒரு உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவரு, கலந்து வாழ்றதுன்னா தன்னோடதையும் வச்சுக்கிட்டு புது ஊர்லயும் சேர்ந்துக்கிறது, அங்க இருக்குறவங்க கதவைத் திறந்தாத்தான் அது நடக்கும்னு அவர் எழுதியிருக்காரு. நான் பாத்த வரைக்கும் அந்தக் கதவு பெரும்பாலும் பொறுமைதான்.

ஏன் சொல்றேன்னா, எனக்கு ஒருத்தரைத் தெரியும், 22 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவரு. என் வழியா பேசுறப்போ அவ்வளவு தெளிவா, அழகா பேசுவாரு, எதிர்ல இருக்குறவங்க நிமிந்து உக்காருவாங்க. அதே ஆள் தனியா போனா கையில இருக்குறது இருநூறு முந்நூறு வார்த்தை, உடனே எல்லாரும் அவர்கிட்ட சத்தமா, குழந்தைகிட்ட பேசுற மாதிரி பேச ஆரம்பிச்சுடுவாங்க. காது நல்லாத்தான் கேக்குது அவருக்கு! ஏ1, ஏ2, பி1ன்னு லெவல் போட்டு அளக்குறாங்க, அது பாஷை எவ்வளவு வந்திருக்குன்னு காட்டும், ஆள் யாருன்னு எங்க காட்டும்?

போன மாசம் அவரோட சர்டிஃபிகேட்டை மதிப்பீடு பண்ற ஆபீஸுக்கு கூடப் போனேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு கேள்வி கேட்டதும் நான் வாயைத் திறந்தேன், அவர் என் முழங்கையை லேசா தொட்டு நிறுத்திட்டு அவரே ஆரம்பிச்சாரு. வினைச்சொல் எல்லாம் தப்பு, நடுநடுவுல நீளமா நிறுத்தம். அந்தப் பொண்ணு ஒரு இடத்துல அவருக்காக வாக்கியத்தை முடிக்கப் போய், சட்டுனு நிறுத்திக்கிட்டு பேனாவைக் கீழ வச்சுட்டு காத்திருந்துச்சு. எங்களுக்குப் பின்னாடி வரிசை நின்னுச்சு, அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. எனக்கு உதடு வரைக்கும் வந்த வார்த்தையை முழுங்கிட்டு உக்காந்திருந்தேன்.

டைம்ஷீட்ல ஒரு மணி நேரம்னு எழுதினேன். அதுல நான் பேசினது ஒரே ஒரு ஃபார்மோட பேரு, அதையும் அவர் கேட்டதுக்கு அப்புறம்தான்.