எத்தனை பேரால் வகுப்பது?

மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டிருப்பவர்களுக்கு என்.ஏ.வி. தெரிந்திருக்கும். ஃபண்டிடம் இருக்கும் பங்கு, பத்திரம், ரொக்கம் எல்லாவற்றையும் கூட்டி, அது கொடுக்க வேண்டியதைக் கழித்து, மிஞ்சுவதை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு வந்துவிடும். 2011லிருந்து என் பிழைப்பு இந்த வகுத்தல்தான். முதல் நான்கு ஆண்டுகள் சென்னையில், ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகத்தில். பிறகு எட்டு ஆண்டுகள், 2023 முடியும்வரை, லக்சம்பர்க்கில்.

சென்னையில் இருந்தபோது லக்சம்பர்க்கை நான் ஒரு நாடாக நினைத்ததே இல்லை. எங்கள் திரையில் வரும் ஃபண்டுகளில் பாதிக்கு மேல் அங்கே பதிவானவை, அவ்வளவுதான். மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் ஷிப்ட் தொடங்கும்போது அங்கே காலை ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. விலைகளை இறக்கி, பாக்கி வட்டியைச் சேர்த்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து அனுப்பிவிட்டு இரவில் கேப் ஏறுவோம். அங்கிருந்து வரும் மின்னஞ்சல்களின் அடியில் பெரும்பாலும் பிரெஞ்சுப் பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் பலர் லக்சம்பர்க்கில் குடியிருப்பவர்களே அல்ல என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நாடு முழுக்க 2,586 சதுர கிலோமீட்டர். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு 82 கிலோமீட்டர். வடக்கே மூன்றில் ஒரு பங்கு ஊஸ்லிங்: ஆர்டென் மலைத்தொடரின் வால், காடும் சரிவுமாக. மிச்சம் குட்லாந்து, ‘நல்ல நிலம்’ என்றே பெயர். கிழக்கு எல்லையில் மொசெல் ஆறும் திராட்சைத் தோட்டங்களும். அந்தக் கரையில்தான் ஷெங்கன் என்ற சின்ன ஊர் இருக்கிறது. 1985 ஜூனில் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்க ஐந்து நாடுகள் போட்ட கையெழுத்தால் உலகம் முழுக்க விசா விண்ணப்பங்களில் அதன் பெயர் ஏறிவிட்டது. என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவிலும் அந்தப் பெயர் இருந்ததால், போன முதல் வசந்தத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். ஆறு, பாலம், எதிர்க்கரையில் ஜெர்மனி, கொஞ்சம் நடந்தால் பிரான்ஸ். யாரும் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. வெகுநேரம் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

தலைநகரில் வாடகை கட்டுப்படியாகவில்லை. தெற்கே எஷ்-சூர்-அல்செட் என்ற ஊரில், ஒரு பழைய உருக்காலைத் தொழிலாளர் வீட்டின் மாடியில் இடம் கிடைத்தது. நாட்டின் பழைய பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் எஷ்ஷில்தான் குடியிருக்க வேண்டும். அந்தத் தெற்கு விளிம்பில் மண் சிவப்பு. மினெட் என்று சொல்கிறார்கள். இரும்புத் தாது ஏராளம், ஆனால் பாஸ்பரஸ் கலந்த தாது. அதில் செய்த உருக்கு உடையும். 1870களின் கடைசியில் தாமஸ் என்ற ஆங்கிலேயர் பாஸ்பரஸைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தச் சிவப்பு மண்ணுக்கு விலை வந்தது. பிரித்தெடுத்த கசடும் வீணாகவில்லை. அரைத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள். ஊஸ்லிங்கின் ஏழை நிலங்கள் விளைய அதுவும் ஒரு காரணம். அதுவரை ஊரை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த ஜனங்களின் நாடு அது. ஒரு தலைமுறைக்குள் ஆள் போதாமல் இத்தாலியிலிருந்து ஆட்களை வரவழைத்தது. பிறகு போர்ச்சுகலிலிருந்து.

என் வீட்டுக்காரர் அப்படி வந்த இத்தாலியச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேரன், அவரும் உருக்காலையில் ஓய்வுபெற்றவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மிட்டல் உங்கள் ஊரா?” 2006இல் லக்சம்பர்க்கின் ஆர்செலார் உருக்கு நிறுவனத்தை இந்தியத் தொழிலதிபர் லட்சுமி மிட்டல் வாங்க வந்தபோது அரசே முதலில் எதிர்த்து நின்றது. கடைசியில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டார்கள், தலைமையகம் லக்சம்பர்க்கிலேயே தங்கியது. மிட்டல் ராஜஸ்தானில் பிறந்தவர், என் ஊர் அங்கிருந்து வெகுதூரம் என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “ஆலை மூடாமல் இருந்தால் சரி, யார் ஊராக இருந்தால் என்ன” என்றார். பக்கத்து பெல்வாலின் கடைசி ஊதுலை 1997இலேயே அணைந்துவிட்டது. இன்று அந்த ஊதுலைகளைச் சுற்றித்தான் பல்கலைக்கழகம் நிற்கிறது. துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தின் அடியில் பிள்ளைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பதை மாலை நடையில் பார்ப்பேன்.

இரும்பு போன இடத்தில் சட்டம் வந்தது. அந்த நாட்டைப் பற்றி நான் புரிந்துகொண்டதில் முக்கியமானது இது. பெரிய நாடுகளுக்கு நிலமும் சந்தையும் உண்டு. சின்ன நாட்டிடம் இருப்பது சட்டம் எழுதும் அதிகாரம், அதை வேகமாக எழுதும் வசதி. 1929இலேயே ஹோல்டிங் கம்பெனிகளுக்கு, அதாவது மற்ற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பதற்கென்றே இருக்கும் கம்பெனிகளுக்கு, தனிச் சட்டம் போட்டார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே ஃபண்டை விற்க வழிசெய்யும் விதி 1985இல் வந்தது; அதை உள்நாட்டுச் சட்டமாக முதலில் மாற்றிய நாடு லக்சம்பர்க், 1988இல். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது ஃபண்டுகள் அங்கே போய்ப் பதிவாகிவிட்டன. இன்று அங்கே பதிவான ஃபண்டுகளின் சொத்து 5 லட்சம் கோடி யூரோவுக்கு மேல்; அமெரிக்காவுக்கு அடுத்த இடம். நாடாளுமன்றத்தில் மொத்தம் 60 உறுப்பினர்கள். அமைச்சகமும் வங்கியும் வக்கீல் அலுவலகமும் ஒரே ஊருக்குள். ஒரு விதி தகராறு செய்தால் பேசித் தீர்க்க யாரும் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இந்த வேகம் எல்லா நேரமும் நல்லதற்கே பயன்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். வரியைக் குறைக்கப் பெரும் நிறுவனங்களோடு வரித்துறை தனித்தனியாகச் செய்துகொண்ட ஏற்பாடுகள் 2014 நவம்பரில் ‘லக்ஸ்லீக்ஸ்’ என்ற பெயரில் வெளியானபோது நான் இன்னும் சென்னையில் இருந்தேன். வேறொரு நாட்டுக்குப் போக வேண்டிய வரி அது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஆகியிருக்க வேண்டிய பணம். நான் செய்த ஃபண்ட் கணக்கு வேறு, அது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த உறுத்தல் எட்டு ஆண்டும் என்னோடு இருந்தது. வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு ரகசியம் 2015 ஜனவரியோடு முடிந்ததை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன்.

இனி என் வேலையில் நடந்த ஒன்று. நான் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. ஒரு பத்திர ஃபண்டின் என்.ஏ.வி. என் கையெழுத்தில் போனது. மறுநாள் காலை அது குறைவாக இருப்பதாகத் தெரிந்தது. விலைகளைத் திரும்பப் பார்த்தேன், சரி. வட்டி சரி. டாலர் மாற்று சரி. இரண்டு மணி நேரம் வகுத்தலின் மேலே உள்ள தொகையிலேயே தேடிக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி ஓர் அம்மையார், அந்த வேலையில் பதினைந்து வருஷம் கண்டவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டார்: “கீழே என்ன எண் போட்டாய்?” முந்தைய நாள் ஒரு பெரிய முதலீட்டாளர் பணத்தைத் திரும்பக் கேட்டிருந்தார். கொடுக்க வேண்டிய பணத்தைச் சொத்திலிருந்து கழித்திருந்தேன். அவருடைய யூனிட்டுகளை எண்ணிக்கையிலிருந்து கழிக்கவில்லை. போய்விட்டவரையும் சேர்த்து வகுத்திருக்கிறேன். பத்திர ஃபண்டுக்குக் கட்டுப்பாட்டு ஆணையம் பொறுத்துக்கொள்ளும் பிழை 0.50 சதவீதம். என்னுடையது அதைத் தாண்டியிருந்தது. ஆணையத்துக்குத் தெரிவித்து, அன்று குறைந்த மதிப்பில் வெளியேறியவர்களுக்கு ஈடுகட்டி முடிக்க வாரங்கள் ஆயின. அந்த அம்மையார் என்னைத் திட்டவில்லை. “எல்லோரும் மேலே இருக்கிற தொகையைத்தான் பார்ப்பார்கள். நீ முதலில் யூனிட்டைப் பார்” என்றார். பிரெஞ்சில் நமக்கு இருப்பது போலவே ‘நீ’யும் ‘நீங்க’ளும் உண்டு. அதுவரை நீங்கள் என்று அழைத்தவர் அன்றுதான் முதன்முதலாக நீ என்றார்.

அவர் குடியிருந்தது பிரான்சில், தியோன்வில் பக்கம். காலை ஐந்தரைக்கு எழுந்து ரயில் பிடித்து வருவார். எங்கள் பிரிவில் பதினெட்டுப் பேர். பத்துப் பேர் பிரான்சிலிருந்தும், மூவர் பெல்ஜியத்தின் ஆர்லோனிலிருந்தும், இருவர் ஜெர்மனியின் ட்ரியரிலிருந்தும் வந்தார்கள். மிச்சமுள்ள மூவரில் நானும் ஒரு போர்த்துகீசியரும் வெளிநாட்டவர். ஒருவர்தான் லக்சம்பர்க் குடிமகன். எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்களை அங்கே ஃப்ரோன்தாலியே என்பார்கள். நான் கிளம்பிய ஆண்டில் அவர்கள் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகையே 6 லட்சத்து 60 ஆயிரம்தான். அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டவர்.

பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம் நடந்த ஒரு டிசம்பர் காலை, அலுவலகத்துக்குப் போனால் விளக்குகூட முழுதாக எரியவில்லை. கேன்டீன் மூடியிருந்தது. கீழே ரொட்டிக்கடையில் ஒரே ஆள். அன்று சென்னை அணி இல்லையென்றால் ஒரு என்.ஏ.வி.யும் போயிருக்காது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது. உலகப் பட்டியல்களில் லக்சம்பர்க்கின் தலா உள்நாட்டு உற்பத்தி (ஜி.டி.பி.) எப்போதும் உச்சியை ஒட்டியே நிற்கும். தலைக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். மேலே உள்ள தொகையில் ஃப்ரோன்தாலியேக்கள் உழைத்து உண்டாக்கியதும் அடக்கம். கீழே வகுக்கும் எண்ணில் அவர்கள் இல்லை. அங்கே இரவு தூங்குபவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். வெளியே போகும் சம்பளமும் லாபமும் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அப்போதும் பணக்கார நாடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் அன்று யூனிட்டில் செய்த பிழைக்கு நேர் எதிரான கணக்கு இது. நான் இல்லாதவரைச் சேர்த்து வகுத்தேன். இங்கே இருப்பவரை விட்டு வகுக்கிறார்கள்.

பொருளியல் படித்தவர்கள் இதை எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அது அந்த அம்மையாரின் டைரியாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று அதில் கோடு போட்டு வைத்திருப்பார். வருஷத்துக்கு 29 நாளைத் தாண்டினால் அந்தச் சம்பளத்துக்கு பிரான்சில் வரி; 2023இலிருந்து 34 நாள் ஆக்கினார்கள். காய்ச்சலாக இருந்தாலும் ஒரு கோடு வீணாகிறதே என்று வந்துவிடுவார். 2010இல் போட்ட ஒரு சட்டம், கல்லூரி உதவித்தொகையை நாட்டில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆக்கியது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நீதிமன்றம் எங்கள் அலுவலகம் இருந்த கிர்ச்பெர்க் மேட்டிலேயே இருக்கிறது. 2013 ஜூனில் லக்சம்பர்க்குக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. அம்மையாரின் மூத்த மகன் படித்தது அந்த இடைப்பட்ட காலத்தில்.

ஆட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகில் மிச்சமிருக்கும் ஒரே கிராண்ட் டச்சி அது. பரம்பரையாக வரும் கிராண்ட் டியூக் நாட்டின் தலைவர், ஆட்சி பிரதமரிடம். 2008இல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மனசாட்சி இடம்கொடுக்கவில்லை என்றார் அன்றைய கிராண்ட் டியூக் ஆன்றி. அவரை விலக்கவுமில்லை, சட்டத்தைக் கைவிடவுமில்லை. அரசியலமைப்பைத் திருத்தி, ஒப்புதல் தரும் அதிகாரத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். சச்சரவில்லாமல் முடிக்கும் அந்தத் திறமை எனக்குப் பிடிக்கும். சம்பளத்திலும் அதே வழிதான்: விலைவாசி 2.5 சதவீதம் ஏறினால் எல்லோருடைய சம்பளமும் சட்டப்படி 2.5 சதவீதம் ஏறும். 2023இல் மட்டும் மூன்று முறை ஏறியது. அம்மையாருக்கும் ஏறியது, எனக்கும் ஏறியது. இந்த ஒன்றில் யாரையும் விட்டு வகுக்கவில்லை.

ஓட்டு விஷயம் வேறு. நான் வந்த ஆண்டு ஜூனில், நெடுநாள் குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு நாடாளுமன்ற ஓட்டு தரலாமா என்று மக்களிடம் கேட்டிருந்தார்கள். 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தங்கள் மொழியான லக்சம்பர்கிஷ் கரைந்துவிடுமோ என்ற பயம் அதில் இருந்தது. சின்ன மொழிக்காரர்களின் பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். என் வீட்டுக்காரரே வேண்டாம் என்றுதான் போட்டாராம். ஆனால் உள்ளாட்சியில் கதவு திறந்திருந்தது. 2023 ஜூன் 11 அன்று எஷ் நகராட்சித் தேர்தலில் நான் ஓட்டுப் போட்டேன். நகர்மன்றத்தில் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு ஒருவருக்கு. கட்சி பார்த்தும் போடலாம், ஆள் பார்த்துப் பிரித்தும் போடலாம். இரண்டு இரவு உட்கார்ந்து வேட்பாளர்களைப் படித்தேன். ஏழரை ஆண்டு குடியிருந்த எனக்கு அது கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டு அங்கே உழைத்து, அங்கேயே வரி கட்டிய அம்மையாருக்கு எந்தச் சீட்டும் இல்லை. திங்கட்கிழமை அவரிடம் சொன்னபோது, “யாருக்குப் போட்டாய்?” என்று கேட்டார். ரயில் நிறுத்தத்தைப் பற்றிப் பேசியவர்களுக்கு என்றேன். “நல்லது” என்றார்.

மாலையில் இருவரும் ஒரே திசையில் போகும் ரயிலில்தான் ஏறுவோம். பெட்டம்பூர் வரை சேர்ந்து போவோம். அங்கே நான் இறங்கி எஷ் ரயிலுக்கு மாறுவேன், அவர் எல்லை தாண்டிப் போவார். 2020இலிருந்து நாடு முழுக்க பஸ், ரயில், டிராம் எல்லாம் இலவசம். எனக்கு வீட்டு வாசல் வரை இலவசம். அவருக்கு எல்லை வரை. அதற்கு மேல் பாஸ் எடுக்க வேண்டும். பெட்டம்பூர் வரப்போகிறது என்று ஒலிபெருக்கி சொல்லும்போது அவர் கைப்பையைத் திறந்து அந்தப் பாஸை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். 2023 டிசம்பரில் என் கடைசி நாளன்றும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். நான் இறங்கி, ரயில் நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்றேன். பெட்டி முழுக்க ஆட்கள். நின்றுகொண்டே தூங்குபவர்களும் இருந்தார்கள்.