நாங்க குடிச்சது சிறுவாணி, வண்டி குடிச்சது உப்புத்தண்ணி

குன்னூர் மலைப்பாதைல பர்லியாருக்கு கொஞ்சம் முன்னாடி வண்டியோட டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு, நான் கவனிக்கல, பின்னாடி உக்காந்திருந்த அம்மா தான் "ஏன்டா கண்ணு, அந்த முள்ளு எதுக்கு அந்தக் கோடில போய் நிக்குது"ன்னு கேட்டாங்க. ஓரங்கட்டி பானட்ட தூக்குனா ஒரே ஆவி. ஆறவெச்சு, தண்ணி ஊத்தி, எப்படியோ உருட்டிட்டே கோயமுத்தூர் வந்து சேந்தது தனிக்கதை.

மறுநாள் இன்ஜின் ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா பால் காப்பி கலர்ல நுரை. ரேடியேட்டர் மூடியத் தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணா குபுகுபுன்னு முட்டை விடுது. ஹெட் கேஸ்கெட் காலி, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அது மேல மூடி மாதிரி உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கற தகடு போச்சு. வண்டி 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூணே சிலிண்டர், ஆறே வால்வு. இதைக் கூட வீட்ல கழட்ட முடியலன்னா அப்புறம் எதைக் கழட்டப் போறோம்னு ஒரு திமிர்ல ஆரம்பிச்சேன். ஒரு நாள் வேலைன்னு வீட்ல சொன்னேன், மூணு வாரம் ஆச்சு.

கழட்டுறது சுலபம் தான், ஆனா ஹெட் போல்ட்ட இஷ்டத்துக்கு லூஸ் பண்ணக் கூடாது, வெளிப்பக்கத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வரணும், அதுவும் ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா, இல்லன்னா அலுமினிய ஹெட் வளைஞ்சுக்கும். தூக்கி பெஞ்சுல கவுத்து வெச்சப்ப தான் விஷயமே தெரிஞ்சுது. ரெண்டாவது சிலிண்டருக்கும் மூணாவதுக்கும் நடுவுல கேஸ்கெட் கருகி ஒரு கோடு. அதை விட மோசம், தண்ணி போற ஓட்டைங்களச் சுத்தி அலுமினியம் அரிச்சுப் போய் எலி கடிச்ச மாதிரி இருக்கு, உள்ள விரல விட்டா வெள்ளையா காரை, நம்ம வாட்டர் ஹீட்டர் காயில்ல படியுமே அதே தான். வருஷக்கணக்கா ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்திருக்கோம். வீட்ல சிறுவாணிக்கு ஒரு குழாய், உப்புத்தண்ணிக்கு ஒரு குழாய், வண்டிக்குப் பக்கமா இருந்தது உப்புத்தண்ணிக் குழாய், அவ்ளோ தான் காரணம். இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைக்கற தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல, முன்னாடி எவரோ ஒரு மெக்கானிக் "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டிப் போட்டிருக்காரு.

ஸ்டீல் ஸ்கேல ஹெட் மேல குறுக்கும் நெடுக்குமா வெச்சு அடியில ஃபீலர் கேஜ், அதாவது அளவு போட்ட மெல்லிசு தகடு, விட்டுப் பாக்கணும். வளைவு 0.05 மில்லி வரைக்கும் தான் கணக்கு, எனக்கு 0.10 தகடு சும்மா வழுக்கிட்டு உள்ள போச்சு. கணபதில ஒரு லேத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த அண்ணன் ஹெட்டத் திருப்பி ஒரே பார்வை, "ஏனுங் தம்பி, போர் தண்ணி தானுங்க?"ன்னாரு. எத்தன எடுப்பீங்கண்ணான்னு கேட்டேன். "மட்டம் வர்ற அளவுக்கு மட்டுந்தானுங்க, நெறைய எடுத்தா கம்ப்ரஷன் ஏறும், அப்புறம் நாக்கிங் வருது, இன்ஜின் தட்டுதுன்னு என்னையத் திட்டுவீங்க." நியாயம்.

வால்வு வேலை தான் எனக்குப் பிடிச்ச பாகம். எந்த வால்வு எந்த சீட்லேர்ந்து (அது உக்கார்ற வளையம்) வந்துச்சோ அதே எடத்துக்குப் போகணும், அதுக்கு ஒரு காலி ஸ்வீட் பாக்ஸ் மூடில ஆறு ஓட்டை போட்டு நம்பர் எழுதி குத்தி வெச்சேன், மாவிளக்கு தட்டு மாதிரி இருந்துச்சு. ஸ்பிரிங்க அமுக்கி லாக்க எடுக்கறப்ப ஒண்ணு டிங்னு பறந்துருச்சு, அரை விரல் நகம் சைஸ் தான் இருக்கும், ஒரு மணி நேரம் தவழ்ந்து தேடி கடைசில வாசல்ல கெடந்த அப்பா செருப்புக்குள்ள கெடச்சுது. வால்வு தண்டு வழியா ஆயில் எறங்காம தடுக்கற பழைய சீல் ஆறும் வத்தல் மாதிரி மொறுமொறுன்னு ஒடஞ்சுது, காலைல முதல் ஸ்டார்ட்ல நீலப் புகை வந்ததுக்கு காரணம் அது தான்.

அடுத்தது லேப்பிங், வால்வையும் சீட்டையும் பேஸ்ட் தடவி உரசிப் பொருத்தறது. அதுக்கு பேஸ்ட் ரெண்டு டப்பா, ஒண்ணு கரடு, ஒண்ணு நைஸ். வால்வு தலைல ரப்பர் கப்பு குச்சிய ஒட்டி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு மத்து கடையற மாதிரி உருட்டணும், நடுநடுவுல தூக்கி கொஞ்சம் திருப்பி வெச்சு திரும்ப. முதல்ல கரகரன்னு மணல் அரைக்கிற சத்தம் வரும், போகப்போக சத்தம் மெலிஞ்சு பட்டு மாதிரி ஆயிரும், அப்ப தொடச்சுப் பாத்தா சீட்டச் சுத்தி ஒரே அகலத்துல சாம்பல் கலர் வளையம். ஒன்றரை மில்லி கிட்ட இருந்தா போதும். அப்புறம் அந்த பேஸ்ட் ஒரு துளி கூட மிச்சமில்லாம கழுவணும், அது ஆயில்ல கலந்தா இன்ஜினுக்கு உப்புக்காகிதம் போட்ட மாதிரி. எல்லாம் மாட்டி, ஹெட்டக் கவுத்து குழில மண்ணெண்ணெய ஊத்தி ராத்திரி பூரா விட்டேன், அஞ்சு வால்வு சொட்டல, மூணாவது எக்ஸாஸ்ட் மட்டும் கசிஞ்சுது. திரும்ப மத்து.

பிளாக் மேல ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்ட காலாவதியான ஏடிஎம் கார்டு வெச்சு சுரண்டுனேன், கம்பி பிரஷ் வேண்டாம். போல்ட் ஓட்டைக்குள்ள நின்ன தண்ணி ஆயிலெல்லாம் சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்தேன், இதை நெறைய பேர் விட்டுர்றாங்க, உள்ள ஈரம் நின்னா போல்ட் எறங்கறப்ப அது போக வழியில்லாம பிளாக்கையே பொளந்துரும், முறுக்கற பலத்த அளக்கற டார்க் ரெஞ்சும் பொய் சொல்லும். போல்ட்ட முறுக்கறது இந்த தடவை நடுவுலேர்ந்து வெளிய, மூணு கட்டமா 20, 40, கடைசில மேனுவல்ல போட்டிருந்த 55-60 நியூட்டன் மீட்டர். வால்வு தொறக்கற நேரத்த பிஸ்டனோட சேத்து வெக்கற டைமிங் பெல்ட் புதுசு, மார்க் சேத்து, கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்து, திரும்ப மார்க் சேருதான்னு பாத்தேன்.

சாவியத் திருகுனா டமார்! கார்புரேட்டர் வழியா இருமுது. அரை நிமிஷம் ஈரக்குலை நடுங்கிருச்சு. பாத்தா ரெண்டாவது மூணாவது பிளக் ஒயர மாத்தி சொருகிருக்கேன், இந்த இன்ஜினுக்கு பிளக் பொறி விடற வரிசை 1-3-2. மாத்துனேன், அரைச் சுத்துல பிடிச்சுருச்சு, அப்பா ஒண்ணும் சொல்லல, போய் டீ போட்டுக் கொண்டாந்தாரு.

இப்ப உள்ள இருக்கறது கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, புது தெர்மோஸ்டாட்டும் போட்டாச்சு. உப்புத்தண்ணிக் குழாய்ல "வண்டிக்கு இல்ல"ன்னு பெயின்ட்ல எழுதி வெச்சிருக்கேன். ஐடில்ல மட்டும் ஒரு டிக் டிக் சத்தம் வருது, ஏதோ ஒரு வால்வ அமுக்கற டேப்பட்ல கேப் ஜாஸ்தி விட்டுட்டேன் போல, ஞாயித்துக்கிழமை கவரக் கழட்டணும்.