‘பெண்களும் சட்டமும்’ தாள்: ஒரே பிரிவைப் பிடித்துத் தேறிய கதை

ரிசல்ட் வந்துவிட்டது. சட்டப் படிப்பின் பெண்களும் சட்டமும் தாளில் நான் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். “அது சும்மா விருப்பப் பாடம்தானே, நாலு கதை எழுதினால் பாஸ்” என்று சீனியர்கள் சொன்னதை நம்பிப் பலர் அரியர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதுகிறேன். சிலபஸும் கேள்வித்தாள் அமைப்பும் உங்களுக்கே தெரியும்.

எனக்கு மனப்பாடம் வராது, சண்டை போட வரும். அதனால் தாராளவாதப் பெண்ணியம், தீவிரப் பெண்ணியம் என்று பத்தி பத்தியாக உருப்போடவில்லை. ஒவ்வொரு தீர்ப்பிடமும் ஒன்றைத்தான் கேட்டேன்: நீதிபதி இவளை யாராகப் பார்க்கிறார்? ஆணுக்குச் சமமானவளாகவா, காப்பாற்றப்பட வேண்டியவளாகவா, இத்தனை காலம் இழந்ததை ஈடுசெய்ய வேண்டியவளாகவா? கோட்பாடு முழுக்க இந்த மூன்றுக்குள் வந்துவிடும். வராத இடத்தை நான் படிக்கவில்லை.

இதைப் பழக இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: இன்னொருவன் மனைவியோடு உறவு கொண்ட ஆணை மட்டும் தண்டித்த பிரிவு. 1954, யூசுஃப் அப்துல் அஜீஸ். ‘என்னை மட்டும் தண்டிக்கிறீர்களே, அவளை ஏன் விடுகிறீர்கள்?’ என்பது அந்த ஆணின் வாதம். பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசியலமைப்பின் 15(3) இடம் தருகிறது என்று உச்ச நீதிமன்றம் பிரிவைக் காப்பாற்றிவிட்டது. 1985, சௌமித்ரி விஷ்ணு. இந்த முறை கேட்டது ஒரு பெண்: கணவன் வழக்குப் போடலாம், மனைவிக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? மயக்குபவன் ஆண்தான் என்பது எல்லோரும் ஏற்ற விஷயம் என்று சொல்லி அதையும் தள்ளினார்கள். எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட். 2018, ஜோசப் ஷைன் வழக்கில் பிரிவை ரத்து செய்த ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்கிற சட்டம் யாரைக் காத்தது? இந்தக் கேள்வியை எழுதிவிட்டால் கோட்பாட்டுக்கான பாதி மதிப்பெண் கைக்கு வந்த மாதிரி.

அப்புறம் ஒன்று. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 497 கிடையாது. ஆனால் அதற்கு அடுத்த 498, அதாவது மணமான பெண்ணைத் தீய நோக்கத்தோடு அழைத்துச் செல்வது, 84 என்ற எண்ணில் பத்திரமாக இருக்கிறது. கைடில் இது இல்லை. நான் எழுதினேன்.

ப்ராப்ளம் கேள்விக்கும் இதே வழிதான். ஒரு மில் நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி இரவு ஷிஃப்டுக்குப் பெண்களை எடுக்க மறுக்கிறது என்று கேட்டிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தால் பாதிப் பேர் ‘15(3), செல்லும்’ என்று முடித்திருந்தார்கள். இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களுக்கு வேலை கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டம் 66(1)(பி)யை 2000இல் நம் சென்னை உயர் நீதிமன்றமே வசந்தா வழக்கில் ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை எல்லாம் முதலாளி செய்து தர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை விதித்த பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்த அனுஜ் கர்க் (2007) வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விடை முடிந்தது.

பிரிக்காமல் படிக்க வேண்டியவை:

- காவல் நிலைய வல்லுறவு: காவலர்களை விடுவித்த மதுரா தீர்ப்பு (1979), நான்கு சட்ட ஆசிரியர்களின் திறந்த மடல், 1983 திருத்தம். மடலை விட்டால் திருத்தம் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும்.
- விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம்: ஷா பானோ (1985), 1986 சட்டம், டேனியல் லத்தீஃபி (2001).
- பிரிந்து போன துணையைச் சேர்ந்து வாழ வரச் சொல்லும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 9: ஆந்திராவின் சரீதா (1983), டெல்லியின் ஹர்விந்தர் கவுர் (1984), உச்ச நீதிமன்றத்தின் சரோஜ் ராணி (1984).
- பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு: தமிழ்நாட்டின் திருத்தம் 1989, மத்திய திருத்தம் 2005, வினீதா சர்மா (2020).

கடைசியை நான் படிக்கவே தேவையிருக்கவில்லை. பெரியம்மாவுக்கு 1986இல் கல்யாணம், அம்மாவுக்கு 1990இல். 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகளுக்கு மாநிலத் திருத்தத்தில் பங்கு இல்லை. ஒரே வீட்டு மகள்களில் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. 2005 திருத்தம் வந்த பிறகுதான் பெரியம்மா வாய் திறந்து கேட்டார். வீட்டில் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கும் ஒரு பெரியம்மா இருப்பார்.

வேலையிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா (1997) தீர்ப்பை எழுதும்போது பன்வாரி தேவிக்கு அதனால் நீதி கிடைத்தது என்று எழுதிவிடாதீர்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக அவரைத் தாக்கியவர்களை 1995இலேயே விசாரணை நீதிமன்றம் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. விசாகா கொடுத்தது வேலையிடங்களுக்கான நெறிமுறை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவரைவிட மேல்சாதி என்பதைச் சொல்லி, இனமும் பாலினமும் சேர்ந்தே ஒடுக்கும் என்று சொன்ன கிம்பர்லி கிரென்ஷாவை அங்கேயே கொண்டுவாருங்கள். தனியாகச் சிறு குறிப்பு எழுதுவதைவிட இது எடுபடும்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா.வின் சீடா உடன்படிக்கைக்கு ஒரு பக்கம் போதும்: 1979, இந்தியா ஏற்றது 1993, 5(ஏ), 16 ஆகியவை பற்றி நாம் செய்த அறிவிப்புகள்.

புது எண்களை மட்டும் உருப்போடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ இப்போது 85, 86. வரதட்சணை மரணத்துக்கான 304பி இப்போது 80. வல்லுறவு வழக்கில் சம்மதம் இல்லை என்று அனுமானிக்கச் சொல்லும் சாட்சியச் சட்டத்தின் 114ஏ, புதிய சாட்சியச் சட்டத்தில் 120. பழைய கைடை வைத்திருப்பவர்கள் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.