மலையில்லாத ஊரிலிருந்து மீனின் தலைக்கு

வெலிங்டன் ஒரு மீனின் தலை. நியூசிலாந்தின் வடதீவு முழுவதுமே மாவுய் என்ற குறும்புக்கார வீரன் கடலுக்கடியிலிருந்து இழுத்தெடுத்த மீன் என்பது இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபு. பாட்டியின் தாடையெலும்பைத் தூண்டிலாக்கி, தன் மூக்கில் குத்தி வடிந்த இரத்தத்தையே இரையாகப் பூசி அவன் அதைப் பிடித்தானாம். வால் வடக்கே, தலை தெற்கே. வடக்கை மேலே வைத்து வரைந்த படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மீன் தலைகீழாகத் தொங்கும். சிறுவர் கதைப் புத்தகத்தோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல இது. தீவுக்கு அந்த மீனின் பெயரை 2013இல் அரசே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

தெய்வங்களைச் சமாதானப்படுத்த மாவுய் போயிருந்த நேரத்தில், பொறுமையில்லாத அண்ணன்மார் மீனைக் கூறுபோடத் தொடங்கிவிட்டார்கள். அந்த வெட்டுக்காயங்கள்தான் மலைகளும் பள்ளத்தாக்குகளும். தட்டையான யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்து வளர்ந்த கால்களுக்கு வெலிங்டன் ஒரு தண்டனை. இங்கே சில வீடுகளுக்குச் சொந்தமாகவே கேபிள் கார் உண்டு. எங்கள் வீட்டுக்குப் படிகள் மட்டும். அரிசி மூட்டையோடு அவற்றில் ஏறும்போதெல்லாம் அந்த அண்ணன்மாரைத்தான் திட்டுகிறேன்.

தென்தீவுக்குக் கதை வேறு. வானத் தந்தையின் மகன்கள் வந்த தோணி தரைதட்டிச் சரிந்தது. மேட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் குளிர்காற்றில் உறைந்து கல்லாகிப் போனார்கள். 3,724 மீட்டர் உயரத்தில் நிற்கும் அவொராக்கிதான் மூத்தவன். வேறு சிலரோ அந்தத் தீவை மாவுய் நின்று மீன் பிடித்த தோணி என்கிறார்கள். இரண்டும் பொருந்தவில்லையே என்று இங்கு யாரும் கவலைப்படுவதில்லை. ஒரே முருகனுக்கு ஊருக்கொரு தலபுராணம் வைத்திருக்கும் நமக்கும் இதில் வியக்க ஒன்றுமில்லை.

குடியேறியவருக்கு உடனடியாக அறிமுகமாகும் தெய்வங்கள் இரண்டு பேர். ஒருவர் காற்றுக்கு அதிபதியான தாஃபிரிமாத்தேயா. ஒட்டிக் கிடந்த வானத் தந்தையையும் பூமித் தாயையும் பிள்ளைகள் பிரித்தபோது அதற்கு உடன்படாத மகன் இவர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வெலிங்டனில் குடை வாங்குவது வீண் செலவு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். மற்றவர் ரூவாமோக்கோ. தாயோடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்ட கடைக்குட்டி. அவர் புரண்டு படுத்தால் நிலம் நடுங்கும்.

இவரோடு வாழ்வதற்கென்று நகரத்தில் தனி ஒழுங்கே இருக்கிறது. புத்தக அலமாரியைச் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் வீதம் ஏழு நாளுக்குத் தண்ணீர் சேமித்துவைக்கச் சொல்கிறார்கள். கடலோரப் பகுதிகளில் தெருவின் குறுக்கே நீலக் கோடு ஒன்று தீட்டியிருப்பார்கள். நடுக்கம் வலுவாகவோ நீண்ட நேரமோ இருந்தால் சைரனுக்குக் காத்திராமல் அந்தக் கோட்டைத் தாண்டி மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். 2004ஆம் ஆண்டு மார்கழியில் சுனாமியைக் கண்ட கரையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கோடு வெறும் பெயின்ட் அல்ல. அப்படியொரு கோடு வடமராட்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அதைக் கடக்க முடிவதில்லை.

1855 ஜனவரியில் ரூவாமோக்கோ புரண்ட புரளலில் வெலிங்டனின் கரை ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. உள்துறைமுகமாக்கத் திட்டமிட்டிருந்த ஓர் ஏரி மேலெழுந்து சதுப்பானது. பிறகு அதுவே பேசின் ரிசர்வ் கிரிக்கெட் மைதானம். 1991இல் மார்ட்டின் குரோ இலங்கைக்கு எதிராக 299 ஓட்டங்களில் ஆட்டமிழந்ததும், 2015இல் சங்கக்கார இரட்டைச் சதம் அடித்ததும் அந்தக் கடைக்குட்டி தூக்கிக் கொடுத்த தரையில்தான்.

துறைமுகத்துக்கும் ஒரு கதை உண்டு. முன்பு அது மூடிய ஏரி. அதில் ஙாக்கே, ஃபாத்தாய்தாய் என்று இரண்டு தனிஃபாக்கள் வாழ்ந்தன. தனிஃபா என்றால் நீர்நிலைகளில் வாழும், காவலும் செய்யும், கோபித்தால் ஆளையும் விழுங்கும் பெரும் பிராணி. ஙாக்கே வாலைச் சுருட்டி, உந்திப் பாய்ந்து, பாறையை உடைத்துக் கடலுக்குப் போய்விட்டது. துறைமுக வாய் அப்படித்தான் திறந்தது. பின்னால் வந்த ஃபாத்தாய்தாய் நீர் வற்றித் தரையில் சிக்கியது. வெகு காலத்துக்குப் பின் ஒரு நிலநடுக்கம் அதை இன்னும் மேலே தூக்க, அங்கேயே இறந்தது. நிலவியலாளர்கள் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது: மீராமார் ஒரு காலத்தில் தனித்தீவு, நிலம் உயர்ந்துதான் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஒட்டில்தான் இன்று விமானநிலையம். புலம்பெயர்ந்து வருகிறவர்களை முதலில் தாங்குவது அந்த மேடுதான்.

இவ்வளவும் எனக்குக் கதையாகவே இருந்திருக்கும், வேலையிடத்தில் பெப்பெஹா சொல்லச் சொல்லியிராவிட்டால். மாவோரி முறையில் தன்னை அறிமுகம் செய்கிறவர் முதலில் தன் மலையைச் சொல்வார், பிறகு ஆறு, முன்னோர் வந்த தோணி, குலம். ஆளின் பெயர் கடைசியில்தான் வரும். வகுப்பில் இருந்த திருவண்ணாமலைக்காரருக்குச் சிக்கலே இல்லை. மலையே சிவன், அதைவிட நல்ல பதில் யாரிடம் இருக்கும்? நான் என்ன சொல்வது? யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலையில்கூட இல்லை. ஆறென்று ஒன்று, வழுக்கையாறு, அதுவும் மாரியில் மட்டும். வந்த தோணி என்றால் விமான நிறுவனத்தின் பெயரையா சொல்வது?

வகுப்பு நடத்திய மாவோரி அம்மையார் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: "உங்கள் முன்னோர் அல்லாத மலையை உங்கள் மலை என்று சொல்லாதீர்கள். எந்த மலையின் கீழ் இப்போது வாழ்கிறீர்கள் என்று சொல்லலாம்." அது எனக்குப் பிடித்தது. வந்தவர் எல்லாவற்றையும் 'நம்முடையது' என்று தழுவிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாடுகளும் உண்டு. இங்கே விருந்தினருக்கு விருந்தினரின் இடம். நான் ஆற்றுக்குப் பதிலாக எங்கள் வளவுக் கிணற்றைச் சொன்னேன். சுண்ணாம்புக் கல்லின் கீழே உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர் அது, அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும் என்று விளக்கினேன். யார் வெட்டியது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்டார். அப்பப்பா வெட்டுவித்தது. இப்போது யாரும் இறைப்பதில்லை.

இங்கே அந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். தொங்காரிரோ என்ற எரிமலையோடு பிஹாங்கா என்ற அழகிக்காகச் சண்டையிட்டுத் தோற்ற தாரனாக்கி மலை, மேற்கே ஓடியபோது கீறிய தடமே வாங்கானுயி ஆறு. 2017இல் அந்த ஆற்றையும் 2025இல் அந்த மலையையும் நாடாளுமன்றம் சட்டப்படி நபர்களாக அங்கீகரித்தது. அவற்றின் சார்பில் பேச ஆட்கள் நியமிக்கப்படுகிறார்கள். கோயில் மூர்த்தியின் பேரில் காணி எழுதிப் பழகிய நமக்கு இது விளங்கக் கடினமான விஷயமல்ல. 2002இல் வைக்காத்தோவில் ஒரு தனிஃபாவின் இருப்பிடத்துக்காக நெடுஞ்சாலை வேலையை நிறுத்தி, திட்டத்தைக் கொஞ்சம் மாற்றியபோது சிரித்தவர்களும் இருந்தார்கள். வைரவருக்காக வளைந்து போகும் ஒழுங்கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தச் சிரிப்பில் சேர மாட்டார்கள்.

தாஃபிரிமாத்தேயா கோபத்தில் தன் கண்களைப் பிடுங்கி வானில் எறிந்தார், அவைதான் மத்தாரிக்கி. நம்முடைய கார்த்திகை மீன்கள். அங்கே விளக்கீட்டுக்கு உரியவை இங்கே குளிர்காலத்தின் நடுவில், விடியலுக்கு முன் எழுகின்றன. 2022 முதல் அதற்கு அரச விடுமுறை. அந்த இருட்டில் கூடி நின்று, அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்கிறார்கள். இறந்தவர்களைக் கார்த்திகையில் நினைப்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதல்ல.

அம்மா வந்திருந்தபோது தென்தீவின் ஃபியோர்டுலாந்துக்குக் கூட்டிப்போனோம். மழையில் கறுத்த செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே வந்து நிற்கும் இடம். ரசிக்க விடாமல் நமு என்ற குட்டி ஈக்கள் காலெல்லாம் கடித்தன. இத்தனை அழகைக் கண்டால் மனிதர்கள் போகாமல் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்று மரணத்தின் தெய்வமான ஹினே நுயி தே போ இவற்றை அவிழ்த்துவிட்டாள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா காலைச் சொறிந்துகொண்டே, "அதற்குத்தானே பிள்ளை ஆறு மாத விசா இருக்கிறது" என்றார்.