'ங்க' போய்ச் சேராத இடம்

காங்கயத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் மாரியம்மன் கோயிலுக்குக் கம்பம் நட்டுவிட்டால், பூவோடு என்னும் தீச்சட்டி எடுக்கும் நாள் வரை இரவுதோறும் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். எனக்கு அப்போது 12 வயது. ஈரோட்டில் ஒரு வாத்தியாரிடம் பாட்டு கற்றுக்கொண்டிருந்தேன்; வர்ணம் வரை வந்திருந்தேன். ஓர் இரவு, பறையடிப்பவர்களுக்கு நாலடி தூரத்தில் நின்றுகொண்டு, "இதில் சுருதியும் இல்லை, ராகமும் இல்லை, இது வெறும் சத்தம்" என்று என் அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், சொன்னேன். அருகிலிருந்த பெரியவர்கள், பிள்ளை சங்கீதம் தெரிந்து பேசுகிறாள் என்று மகிழ்ந்தார்கள். பறையைத் தோளில் மாட்டியிருந்த முதியவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த முதியவருக்கு அப்போதே 50 வயதுக்கு மேல் இருக்கும். அவரை எங்கள் தெருவின் பத்து வயதுப் பையன்கள் 'வாடா, போடா' என்றுதான் அழைத்தார்கள். வழிகேட்டு வரும் அந்நியரிடமும், பேருந்து நடத்துநரிடமும், கோபத்தில் சண்டை போடும்போதுகூட எதிராளியிடமும் 'ங்க' சேர்த்துப் பேசுவதை எங்கள் கொங்கு நாட்டின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த 'ங்க' அவர் வரைக்கும் போகவில்லை. அவர் அடித்ததற்கு 'இசை' என்ற பெயரை நான் மறுத்ததும், அவருக்கு அந்த ஒற்றை விகுதியை ஊர் மறுத்ததும் ஒரே செயலின் இரண்டு வடிவங்கள் என்பதை உணர எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

சுருதி, ராகம், கமகம் (சுரத்தை அசைத்து வளைத்து இசைப்பது) என்ற அளவைகளில் குற்றம் இல்லை. அவை ஒரு மரபு தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்ள உண்டாக்கிய கருவிகள். அவற்றைக் கற்றுக்கொடுத்த என் வாத்தியாருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் நெல்லை அளக்கும் படியால் துணியை அளந்துவிட்டு, துணியில் குறை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படி அளந்தது நான் மட்டும் அல்ல. ஆர்மோனியத்தின் கட்டைகளில் கமகம் வராது என்ற காரணத்தை முன்வைத்து, அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கமகம் வராது என்பது உண்மை. வராததனால் ஒலிபரப்பத் தகுதியே இல்லை என்று முடிவுகட்டியதில்தான் அளவை தீர்ப்பாக மாறிவிட்டது.

பறையின் அளவைகளை நான் பின்னால்தான் கற்றேன், அதுவும் ஓரளவுக்கு. வட்டச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத் தோலைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் எழும். பனி இறங்க இறங்கத் தோல் தளரும். ஆட்டத்தின் நடுவே வைக்கோலைக் கொளுத்தி மீண்டும் காய்ச்சுவார்கள். சிறுவயதில் இதை நான் இடைவேளை என்று நினைத்தேன். அவர்கள் செய்துகொண்டிருந்தது, மிருதங்க வித்வான் மேடையில் கல்லையும் கட்டையையும் வைத்துச் செய்யும் அதே வேலை. ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சி. இரண்டும் இரு வேறு ஒலிகளைத் தர, அவற்றைப் பின்னிப் பின்னியே அடிகள் உருவாகின்றன. ஒத்தையடி, சப்பரத்தடி, வாழ்த்தடி என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. பெயர் உள்ள ஒன்றைப் பெயர் தெரியாத நான் சத்தம் என்றேன்.

தோல் தீட்டு என்ற பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும். மிருதங்கத்திலும் மாட்டுத் தோல்தான் இருக்கிறது. அது பூஜையறை வரை போகிறது. தோல் ஒன்றாக இருந்தும் ஒரு வாத்தியம் உள்ளேயும் ஒன்று வெளியேயும் நிற்கிறது என்றால், ஊரார் காதால் கேட்டுத் தீர்மானிக்கவில்லை, அடிப்பவர் யார் என்று பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. அந்த வரிசையில் பறைக்கு மட்டும் பின்னால் இடம் இல்லாமல் போனதற்கு இசை காரணம் இல்லை.

இப்போது நிலைமை மாறுகிறது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இலும், மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. மனம் நிறைந்தது. ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பறையை மேடையில் கேட்டுக் கைதட்டும் நாம், சாவு வீட்டில் கூலிக்கும் கட்டாயத்துக்கும் அதை அடித்தவர்களின் பிள்ளைகள் 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று குச்சியைக் கீழே வைத்தால், கலை அழிகிறதே என்று வருந்துகிறோம். அவர்கள் உதறியது தாளத்தை அல்ல, அந்தத் தாளத்தோடு சேர்த்து ஊர் தங்கள் மேல் கட்டிய இழிவை. பறையை விரும்பிக்கொண்டே, அடிப்பவர் எப்படி வாழ வேண்டும் என்பதையும் நாமே நிர்ணயிக்க நினைத்தால், என் 12 வயது அளவுகோல் வேறு சாயம் பூசிக்கொண்டு திரும்பிவந்திருக்கிறது என்றே பொருள்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். அந்த முதியவர் இப்போது அடிப்பதில்லை. அவருடைய பேரன் பெருந்துறையில் வேலைக்குப் போகிறான், பறை அவனுக்குத் தெரியாது. கோயில் திண்ணைக்கு அப்பால் அவர் தனியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு நாற்காலியை எடுத்துப்போய் வைத்து, "உட்காருங்க ஐயா, இப்ப அடிக்கிறது என்ன அடிங்க?" என்று கேட்டேன்.

அவர் அடியின் பெயரைச் சொன்னார். அது எந்த இடத்தில் மாறும், எந்த இடத்தில் ஆடுகிறவர்கள் கால் மாற்ற வேண்டும் என்பதையும் விரல்களால் காற்றில் அடித்துக் காட்டினார். இரண்டாம் முறை நான் நாற்காலியைக் காட்டியபோது, "இருக்கட்டுங்க அம்மணி" என்றார். ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார். நானும் நாற்காலியை விட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.