கன்டெய்னர் லாரியும் லாக்டேட்டும்

நாள்பட்ட சோர்வு நோயை உறுதிசெய்ய இன்றுவரை ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆறு மாதமாகத் தீராத அசதி, தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு, இன்றைக்குத் துணி துவைத்தால் நாளையோ நாளை மறுநாளோ ஆளைச் சாய்க்கும் சரிவு. இவற்றைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அதுவும் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, சிறுநீரகம், தேவைப்பட்டால் காசநோய் என்று எல்லாம் பார்த்த பிறகு. ரிப்போர்ட் முழுக்க 'நார்மல்' என்று வந்தால் வீட்டில், "ஒண்ணுமில்லைன்னுதானே போட்டிருக்கு, எழுந்து வேலையைப் பாரு" என்பார்கள். பயோமார்க்கர், அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அளக்கக்கூடிய அடையாளம், வேண்டும் என்று நோயாளிகள் தவிப்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

ஆனால் பயோமார்க்கர் தேடலில் பாதித் தவறு மெஷினுக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. வடசென்னையில் லேப் ராயபுரத்தில், நோயாளி திருவொற்றியூரில் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பிட ஆரோக்கியமானவர்கள் வேண்டும். சுலபமாகக் கிடைப்பவர்கள் லேப் ஊழியர்கள். அவர்கள் ரத்தம் பத்து நிமிடத்தில், சுழற்றிச் செல்களைத் தனியே பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குப் போய்விடும். நோயாளியின் டியூப், துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பைக் பெட்டியில் ஒன்றரை மணி நேரம் கிடக்கும். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. சர்க்கரை இறங்க, அதை உடைக்கும்போது மிஞ்சும் லாக்டேட் ஏறும். கடைசியில் 'நோயாளிகளின் செல்களில் ஆற்றல் உற்பத்தி பழுது' என்று பளிச்சென்று ஒரு வரைபடம் வரும். அதில் பாதி எண்ணூர் ரோடு டிராஃபிக்.

லாக்டேட்டுக்கு, செல்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும் சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூப் கட்டாயம். எடுத்தவுடன் எட்டு முதல் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. நரம்பு தெரியவில்லை என்றால் "கையை மூடி மூடித் திறங்க" என்பது நம் ஊரில் அனிச்சையாக வரும் வசனம். அந்தப் பிடியே பொட்டாசியத்தையும் லாக்டேட்டையும் ஏற்றிவிடும். இந்த நோயாளிகள் பலருக்கு நரம்பு சட்டென்று அகப்படாது. அதனால் அவர்களிடம்தான் அந்த வசனம் அதிகம் சொல்லப்படுகிறது. பிழை இரண்டு குழுவிலும் சமமாக விழுந்தால் தப்பிக்கலாம். ஒரு பக்கமாக விழும்போதுதான் அது கண்டுபிடிப்பு மாதிரி வேஷம் போடும்.

அதற்காக எல்லா டியூபையும் ஐஸில் புதைப்பதும் தப்பு. குளிரில், பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைக்கும் செல்லின் பம்ப் ஓய்ந்து பொட்டாசியம் வெளியே கசியும். ஐஸ் நேராகத் தொட்டால் ரத்தம் சிதைந்து பிளாஸ்மா ரோஸ் நிறமாகும். கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் என்.கே. செல் என்ற வெள்ளையணுவின் வேலைத்திறன் பார்க்கும், ரத்தம் உறையாமல் காக்கும் பச்சை மூடி ஹெப்பாரின் டியூப் அறை வெப்பத்திலேயே அன்றைக்கே வந்து சேர வேண்டும். ஒரு ராத்திரி தாண்டினால் வீரியம் குறைந்து, 'நோய் எதிர்ப்பு பலவீனம்' என்று பொய்ச் சாட்சி சொல்லும்.

பெரிய இடங்களும் சறுக்கியிருக்கின்றன. 2009-இல் 'சயின்ஸ்' இதழில், 101 நோயாளிகளில் 68 பேரிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாகக் கட்டுரை வந்தது. ஆரோக்கியமான 218 பேரில் 8 பேரிடம்தான். உலகமே பரபரத்தது. அந்த வைரஸ், ஆய்வகத்தில் எலிகளுக்குள் மனிதப் புற்றுக்கட்டியை வளர்த்தபோது உருவான கலப்பு என்றும், சாம்பிள்களுக்குள் அது மாசாகப் புகுந்தது என்றும் பிறகு தெரிந்தது. 2011 டிசம்பரில் கட்டுரையை இதழே விலக்கிக்கொண்டது.

2019-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி ரான் டேவிஸ் குழு செய்தது வேறு ரகம். ரத்த செல்களுக்கு உப்பைக் கூட்டி நெருக்கடி கொடுத்து மின்தடை மாறுவதை நுண்ணிய சிப்பில் அளந்தார்கள். 20 நோயாளிகளும் 20 ஆரோக்கியமானவர்களும் தனித்தனியாகப் பிரிந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் மருத்துவர் முன்னால் வந்து உட்காருகிறவர் ஆரோக்கியமானவர் அல்லவே. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, மூட்டுவாதம் என்று வேறு காரணத்தால் அசந்துபோனவர்களிடமிருந்தும் பிரித்துக் காட்டினால்தான் அது பரிசோதனை. கூடவே, நோயில்லாமலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவர்களும் ஒப்பீட்டுக் குழுவில் வேண்டும். இல்லையென்றால் படுத்தே கிடப்பதால் வரும் மாற்றத்தை நோயின் குறி என்று எழுதிவிடுவோம்.

24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சை அளக்கும் சோதனைக்கு டியூப் தொல்லை இல்லை. ஆரோக்கியமானவர் மறுநாளும் ஏறக்குறைய அதே அளவு மிதிப்பார். இந்த நோயாளிகள் பலருக்கு இரண்டாம் நாள் குறையும். ஆனால் அந்த எண்ணுக்காக அவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரலாம். நன்றாக யோசித்துத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கப் போகிறவரின் படிவத்தில் வழக்கமான கட்டங்களோடு இன்னும் சில வேண்டும்: ஊசி குத்திய நேரம், சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, எடுத்தது படுத்தபடியா உட்கார்ந்தபடியா, முந்தைய இரண்டு நாளில் என்ன வேலை செய்தார். லேப் மாடியில் இருந்தால், எத்தனை படி ஏறி வந்தார் என்பதும்.