யாரிடம் தோற்றார்கள்?

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மறுமுனையில் அக்கா மகன். புளோரிடா மாநிலத்தின் தலாஹாசி நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். அங்கே அப்போது ஞாயிறு நண்பகல். அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் பட்டத்துக்கு மோதப்போகும் நான்கு அணிகளை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ். நான்காவதாக அலபாமா என்று வந்ததும் அவன் பக்கம் பேச்சே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் சொன்னான்: "மாமா, பதின்மூன்று ஆட்டம். பதின்மூன்றிலும் ஜெயித்தோம்."

அவனுடைய பல்கலைக்கழக அணியான புளோரிடா ஸ்டேட் ஐந்தாவது இடத்தில் நின்றுவிட்டது. டெக்சஸும் அலபாமாவும் ஆளுக்கு ஓர் ஆட்டத்தில் தோற்றவை. இன்றுவரை எனக்கு இது ஆறவில்லை.

விளையாட்டைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது நம் காற்பந்து அல்ல. நீள்வட்டப் பந்து, தலைக்கவசம், ஆளை மோதித் தள்ளும் ஆட்டம். உயர்நிலைப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவது ஏறத்தாழ 12 ஆட்டங்கள்தாம். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆகவே யாராவது உட்கார்ந்து வரிசைப்படுத்தியாக வேண்டும். 1936 முதல் பத்திரிகையாளர்கள் வாக்களித்து வரிசைப்படுத்தி வந்தார்கள். 1998 முதல் 2013 பருவம் வரை வாக்குகளையும் கணினிக் கணக்குகளையும் சேர்த்து இரண்டு அணிகளைப் பட்டத்துக்கு மோத விட்டார்கள். அதன் பிறகு 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வந்து, நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது.

புளோரிடா ஸ்டேட்டை ஒதுக்க அந்தக் குழு சொன்ன காரணம் ஜோர்டன் டிராவிஸின் கால். அவர்தான் புளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். நவம்பர் 18ஆம் தேதி ஆட்டத்தில் அவருடைய கால் முறிந்தது. அவர் இல்லாமலேயே அணி அடுத்த வாரம் புளோரிடா பல்கலைக்கழகத்தை 24-15 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் இரண்டாவது குவார்ட்டர்பேக்கின் தலையில் அடிபட்டது.

அடுத்தது லூயிவில் அணியோடு தங்கள் லீக்கின் இறுதி ஆட்டம். நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. அக்கா வீட்டில் இட்லித் தட்டோடு உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது குவார்ட்டர்பேக்காக ஒரு முதலாண்டு மாணவன் களம் இறங்கினான். பந்தை எறியவே தயங்கினான். கையைப் பின்னால் கொண்டுபோவான், ஆள் கிடைக்காது, அப்படியே மடங்கி விழுவான். ஆனால் தற்காப்பு ஆட்டக்காரர்கள் சுவராக நின்றார்கள். பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றைக்கூட எதிரணியை எடுக்க விடவில்லை. 16-6. அழகான ஆட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் இருந்த ஆளை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து வென்ற அந்த ஆட்டத்தை நான் மறக்கப்போவதில்லை. அதற்கு மறுநாள்தான் குழு அவர்களை வெளியே நிறுத்தியது.

தன் கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருக்கக் கூடாதா, அப்போதாவது இந்த அணி தன் ஒருவனால் ஆனதல்ல என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற பொருளில் டிராவிஸ் அன்று எழுதினார். படித்தபோது தொண்டை அடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், என்னோடு இதில் மோதுகிறவர் அக்கா மகனின் சொந்தத் தகப்பனார். அத்தான் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் தேக்கா சந்தையில் தோசையும் தேநீருமாக எங்கள் வழக்கு நடக்கும்.

"மாப்பிள்ளை, பரிசு கொடுப்பது வேறு, வலிமையை அளப்பது வேறு" என்பார். "சிறந்த நான்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர்கள் வேலை. முக்கியமான ஆட்டக்காரர் இல்லாமல் போனால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. அலபாமா யாரை வென்றது? தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்த ஜார்ஜியாவை."

விதி இருப்பது உண்மை. ஜார்ஜியாவை வென்றது பெரிய காரியம் என்பதும் உண்மை. ஆனால் அதே அலபாமா அதற்கு முந்தைய வாரம் ஆபர்ன் அணியிடம் தோற்கும் நிலையில் இருந்தது. நான்காவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி, 31 கெஜம் போக வேண்டும். அதில் ஒரே எறியில் டச்டவுன் எடுத்துப் பிழைத்தது. அந்தப் பிழைப்பை வெற்றியாக எண்ணுகிறார்கள், சரி. புளோரிடா ஸ்டேட்டின் 16-6 மட்டும் ஏன் பலவீனம் ஆகிறது?

"பிறகு ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே" என்று அத்தான் கடைசிச் சீட்டை இறக்குவார். பருவ முடிவில் நடந்த 'ஆரஞ்சு பவுல்' (Orange Bowl) என்ற ஆட்டத்தைச் சொல்கிறார். அதில் களம் இறங்கியது லூயிவில்லை வென்ற அணியே அல்ல. பட்ட வாய்ப்பு பறிபோன பிறகு, காயம் பட்டவர்களும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்களும் வேறு பல்கலைக்கழகம் தேடியவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் ஆடவில்லை. கதவைச் சாத்திய பின் நடந்ததைக் காட்டிக் கதவைச் சாத்தியது சரி என்று வாதாட முடியாது.

நான் இவ்வளவு சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. இதே தவற்றை நானே செய்திருக்கிறேன்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் கேரம் போட்டி நடத்துகிறோம். பொறுப்பு என்னுடையது. 2019இல் 12 பேர், மூன்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் தோல்வியே காணாமல் முதலில் வந்தார். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு இருக்கை, தோற்காதவர்கள் மூன்று பேர். மணி ஒன்பதரை ஆகிவிட்டது, மேல்மாடிக்காரர்கள் தூங்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை விரித்து, யார் அதிகப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்று கூட்டிப் பார்த்து இரண்டு பெயர்களை அறிவித்தேன். விடுபட்டவன் பதினான்கு வயதுப் பையன். விரல் நுனியெல்லாம் போரிக் பொடி வெள்ளையாக ஒட்டியிருக்க, ஸ்டிரைக்கரைக் கையில் உருட்டிக்கொண்டே என்னிடம் வந்து கேட்டான்: "அங்கிள், நான் யாரிடம் தோற்றேன்?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முந்தைய ஆண்டின் வெற்றியாளர் அவன் பிரிவில் இருந்திருக்கிறார். அவரை இரண்டே புள்ளியில் வென்றிருக்கிறான். நான் புள்ளியை எண்ணினேன், ஆளைப் பார்க்கவில்லை.

1994இல் பென் ஸ்டேட்டுக்கும் இப்படித்தான் நடந்தது. இந்தியானாவோடு 35-14 என்று முன்னிலையில் இருந்தபோது மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிவிட, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி 15 புள்ளி எடுத்து 35-29 ஆக்கியது. அந்தக் குறுகிய வித்தியாசத்தைக் கண்டு பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பில் முதலிடம் பறிபோனது. பருவத்தை 12-0 என்று, ஒன்றிலும் தோற்காமல் முடித்தும், நெப்ராஸ்காவுக்குப் பின்னால் இரண்டாமிடம்தான்.

ஆகவே என் கட்சி இதுதான். தோற்காத அணியைத் தோற்ற அணிக்குக் கீழே வைக்கக் கூடாது. தோற்காதவர்களுக்குள் வரிசை போட வேண்டுமானால், எத்தனை புள்ளியில் வென்றார்கள் என்று பார்க்காமல், யாரை வென்றார்கள், வெல்லப்பட்டவர் மற்றவர்களிடம் எப்படி ஆடினார் என்று பார்க்க வேண்டும். நாளைக்கு யார் வெல்வார் என்ற ஊகத்துக்கு இதில் இடமே கிடையாது.

அத்தான் விடமாட்டார். "அப்படியானால் எளிய எதிரிகளோடு மட்டும் ஆடி ஜெயித்தவன் முதலிடமா?" இது நியாயமான கேள்வி. சிறிய லீக் அணிகளுக்குப் பெரிய அணிகளோடு ஆடும் வாய்ப்பு அரிது. ஆனால் 2017இல் என்ன நடந்தது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு ஆட்டத்திலும் தோற்ற சென்ட்ரல் புளோரிடா அந்த ஆண்டு 12-0. குழு கொடுத்த இடம் பன்னிரண்டாவது. புத்தாண்டு நாளில் அவர்கள் ஆபர்ன் அணியை 34-27 என்று வென்றார்கள். அந்த ஆபர்ன், பட்டத்துக்கு மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அதே பருவத்தில் ஒவ்வொரு முறை வென்றிருந்தது. எளிய எதிரி என்று ஒதுக்குவதற்கு முன் வலிய எதிரியை அவன் முன் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டாமா?

இடம் போதாது என்பதும் மெய்தான். 2009 பருவத்தில் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது தோற்காத அணிகள் ஐந்து. இருந்ததோ இரண்டு இருக்கை. 2024 முதல் 12 அணிகள் பட்டத்துக்கு ஆடுகின்றன. அந்த ஆண்டு 13-0 என்று முதலிடத்தில் வந்த ஓரிகன், ஒஹையோ ஸ்டேட்டிடம் 41-21 என்று தோற்று வெளியேறியது. ஓரிகன்காரர்களுக்கு வலித்திருக்கும். ஆனால் யாரிடம் தோற்றோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் போட்டியிலும் விதியை மாற்றிவிட்டேன். தோற்காத எவரும் வரிசைக் கணக்கில் வெளியேறுவதில்லை. அரையிறுதி வைக்கிறோம், நேரம் போதாவிட்டால் மறுநாள் மாலை தொடர்கிறோம். நோட்டில் ஒவ்வொரு வெற்றிக்கும் எதிரே, தோற்றவரின் பெயரையும் அவர் வென்ற ஆட்டங்களையும் எழுத ஒரு புதிய கட்டம் போட்டிருக்கிறேன்.

அந்தப் பையன் 2024 டிசம்பரில் தேசிய சேவையிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். ஒட்ட வெட்டிய முடி, அகன்ற தோள். பிரிவில் மூன்று ஆட்டத்தையும் வென்றான். அரையிறுதியில், பஸ் ஓட்டும் அண்ணன் ஒருவரோடு கடைசிப் பலகை வரை இழுத்துப் போய், சிவப்புக் காயைக் குழியின் விளிம்பில் விட்டுத் தோற்றான். எழுந்து அவருக்குக் கைகொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இறுதி ஆட்டத்தை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் போனான்.